பெருக்கத் தெரியாத சிப்பைப் பெருக்க வை!

‘அசெம்பிளி எனக்கு வராது’ என்று இனி ஒருமுறைகூடச் சொல்லாதே! உட்கார்ந்து ஒவ்வொரு பிட்டாகப் பார்த்தாயா? பார்க்காமலே எப்படித் தீர்ப்பு எழுதினாய்?

உன் மைக்ரோபிராசசர் லேபில் இருக்கிறதே 8085, அதற்கே பெருக்கத் தெரியாது. 1976-இல் இன்டெல் கொண்டுவந்த அந்தச் சிப்பில் கூட்டல் உண்டு, கழித்தல் உண்டு. பெருக்கலுக்கு ஒரு கட்டளைகூட இல்லை. பிட்டுகளைச் சுழற்ற மட்டும் நான்கு: ஆர்எல்சி, ஆர்ஆர்சி, ஆர்ஏஎல், ஆர்ஏஆர். அவை போதும்!

அக்யுமுலேட்டரில் 7-ஐ ஏற்று: 00000111. ஆர்எல்சி கொடு. எட்டு பிட்டும் ஓரிடம் இடப்பக்கம் நகரும்: 00001110. இப்போது 14. அதை பி ரிஜிஸ்டரில் பத்திரப்படுத்து. இன்னும் இருமுறை சுழற்று: 28, 56. இதனுடன் பி-யைக் கூட்டு. 70! ஏழைப் பத்தால் பெருக்கிவிட்டாய். ஏற்றிய பிறகு ஐந்தே கட்டளைகள், ஐந்தே பைட், 20 கிளாக் துடிப்பு. சிப்பில் இல்லாத பெருக்கலை அங்கே உண்டாக்கியது யார்? நீ!

‘எங்கள் கல்லூரியில் பழைய கிட்தான்’ என்று புலம்புகிறாயா? 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் சோஜர்னர் ஊர்தியை இயக்கியது இதே குடும்பத்து 80சி85. வேகம் வெறும் 2 மெகாஹெர்ட்ஸ். பென்டியம் கடைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது இது! ஏழு செவ்வாய் நாள் ஓடினால் போதும் என்றுதான் அனுப்பினார்கள். 83 நாள் ஓடியது.

சுழற்றல் செத்துப்போன பாடம் என்று எவர் சொன்னாலும் நம்பாதே. இன்றைய உலாவிகள் இணைப்பைப் பாதுகாக்கப் பயன்படுத்தும் சாச்சா20 மறையாக்கம் மூன்றே செயல்களில் நிற்கிறது: கூட்டல், எக்ஸார், சுழற்றல். 32 பிட் எண்களை 16, 12, 8, 7 இடங்கள் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. லேபில் நீ வெறுத்து ஒதுக்கினாயே, அதே வேலைதான்!

எழுந்திரு, நோட்டை எடு. மனப்பாடம் வேண்டாம், எட்டுக் கட்டம் போட்டு, பிட்டுகளை உன் கையாலேயே நகர்த்து. 25 வரை இந்த ஐந்து கட்டளைகள் தவறாது. பிறகு 26-ஐப் போடு. 260 வராது, 4 வரும். அஞ்சாதே! மிச்சம் 256 தொலையவில்லை, கேரியில் ஏறியிருக்கிறது. அதைப் பிடித்து 260-ஐ முழுதாகக் காட்டும் நிரலை இன்றிரவே நீ எழுது.