காண்பானும் காட்டுவானும்

திருநணா என்னும் பவானித் தலத்திலே, 1804-இல் தந்தக்கட்டில் சமர்ப்பித்த கலெக்டர் வில்லியம் காரோ, மதிலில் இட்ட மூன்று துளைகளின் வழியே வேதநாயகியம்மையைத் தரிசித்தார் என்பது தலவழக்கு. துளை ஊசிமுனையளவாயின், கலங்கிய பார்வைக்கும் உருவத்தை ஒருவாறு தெளிவிக்கும், ஒளியையோ குறைக்கும். கண்ணுள் விழும் பிம்பம் தலைகீழானது; அதனை நேராக அறிவது உயிரே. ஆதலின் பிம்பம் வேறு, காட்சி வேறு.

கட்புரை மெல்லப் படருங்கால், தன் கண் மங்கியதைப் பலர் உணரார், விளக்கே மங்கிற்றென்பர். பிறவற்றை மறைத்துத் தன்னையும் மறைத்தலின், அஃது ஆணவத்தை ஒக்கும். புரை நீங்கிய கண்ணும் ஒளியின்றிக் காணாது. அவ்வாறே, மலம் நீங்கிய உயிரும் அருளின்றிக் காணமாட்டாது.

துளைவழி நோக்கியவர் அம்மையையே நாடினார். வாயில் திறந்திருப்பவும், நாம் அணியையும் விளக்கையுமே கண்டு மீளுதல் தகுமோ? காட்டும் முதல்வனை மறவாது காண்மின்.