நூலும் நூற்ற கையும்: அறிவியல் கதையுரைப்பின் அறம் குறித்து ஒரு கருத்துரை

நூல் என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பதைத் தமிழ் மரபு தற்செயலாகக் கொள்ளவில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகிக்கிறார். நூற்ற கை அங்கே கண்முன் நிற்கிறது. இக்கால ஆய்வுரையோ கையை மறைப்பதையே ஒழுங்கெனக் கொள்கிறது. 'கண்டறியப்பட்டது' என்னும் வினைமுற்றில், கண்டறிந்தவர் சென்று திரும்பிய வழிகளுக்கு இடமில்லை. இம்மறைப்பு நேர்மையாகுமா? 1963-இல் பீட்டர் மெடாவர், அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்றே வினவினார். தரவுகளை அவர் ஐயுறவில்லை. சிந்தனை நடந்த முறையைக் கட்டுரை திரித்துக் காட்டுகிறது என்பதே அவர் குற்றச்சாட்டு.

இவ்வினாவுக்குப் பொருத்தமான சான்று ஒரு கம்பளிப் பின்னல். லாத்வியாவில் பிறந்த கணிதவியலார் டைனா டைமினா, 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிபரவளையத் தளத்தை மாணவர் தொட்டுணரும் வடிவில் செய்ய விரும்பினார். வில்லியம் தர்ஸ்டன் வழிவந்த காகித மாதிரிகள் எளிதில் கிழிந்தன. முதலில் இரட்டை ஊசிப் பின்னலை முயன்றார், அது ஒத்துவரவில்லை. பின்னரே குரோஷே எனப்படும் கொக்கியூசிப் பின்னலுக்கு மாறினார். விதி எளிது: ஐந்து கண்ணிக்கு ஒன்று என்னும் விகிதத்தில் ஒவ்வொரு வரிசையிலும் கண்ணியைக் கூட்டுதல். 20 கண்ணிகளில் தொடங்கினால் பத்து வரிசைகளில் ஏறத்தாழ 120 ஆகிவிடும். இரட்டை ஊசியில் ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் ஊசியிலேயே நிற்க வேண்டும். கொக்கியிலோ ஒரு கண்ணி நின்றால் போதும். ஆகவே அந்தத் தோல்வி வெறும் கைப்பிழை அன்று. அத்தளம் எத்துணை விரைவில் விரிகிறது என்பதை அதுவே உணர்த்திவிட்டது. பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கும் கைவினை இங்கே கருத்துக்கு விளக்கப்படமாக நில்லாமல் வாதமாகவே நிற்கிறது.

அறிவியலைக் கதையாக எழுதுவோர் மறைந்த கையை மீட்பதாகக் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு, இடரும் உண்டு. கதை சுவையான தோல்வியைத் தேடும். இரவு விழிப்பும் ஆய்வகச் சண்டையும் அதற்கு உவப்பானவை. பின்னுவோரும் பிழைத்த வரிசையை அவிழ்த்துவிட்டே மேற்செல்கின்றனர். எல்லாப் பிழையையும் ஏட்டிலேற்ற வேண்டியதில்லை. எந்தத் தோல்வி பொருளைப் பற்றி ஒன்றைச் சொல்கிறதோ அதனை மறைப்பது குற்றம். ஆய்வாளரைப் பற்றி மட்டும் சொல்வதை விடுத்தல் தகும் என்பது என் துணிபு. (அவிழ்த்த கம்பளியில் பழைய கண்ணிகளின் சுருக்கம் நெடுநாள் தங்கும், கழுவினாலன்றிப் போகாது.)

மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்னும் உடன்பிறந்தார் 2005-இல் தொடங்கிய பின்னற் பவளப்பாறைத் திட்டத்தில், விகிதம் பிறழ்ந்த பின்னல்களே பவளத்தை நெருங்கி ஒத்தன. மூத்த அறிவியல் எழுத்தாளராகிய மார்கரெட் அப்பிறழ்வை மறைக்காமல் கதையின் பொருளாக்கினார்.

தமிழாய்வுக்கு இது புறம்பான செய்தியன்று. உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. சமண மரபு விளங்காமல் இடர்ப்பட்டதையும், கும்பகோணத்துச் சமணரை நாடித் தெளிந்ததையும் விரித்துரைக்கும் 'என் சரித்திரம்' 1940-இல்தான் தொடராக வரத்தொடங்கியது. அவ்விளங்காமை நூலைப் பற்றியதா, பதிப்பித்தவரைப் பற்றியதா? நூலைப் பற்றியதாயின், அதற்குரிய இடம் பதிப்பின் பக்கங்களே.