கிளியின் வாக்கு

கிளி வாங்கப் போகிறவன் முதலில் கேட்பது ‘பேசுமா?’ என்றுதான். மாடு வாங்குகிறவன் பல் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், கறக்கும் பாலுக்கு விலை பேசுகிறான். கிளிக்கு விலை பேசுகிறவன் சொல்லுக்குப் பேசுகிறான். அதுவும் கிளியின் சொல்லுக்கு அல்ல. இனிமேல் அவனே கற்றுக்கொடுக்கப்போகிற அவனுடைய சொல்லுக்கு. தன் வார்த்தையை இன்னொரு தொண்டையிலிருந்து கேட்கும் ஆசைக்குக் கொடுக்கிற விலை இது. எழுதுகிற நமக்கு இந்த ஆசை அந்நியமானதல்ல. இதில் தார்மீகப் பிரச்னை ஏதும் உண்டா என்பது என் கேள்வி.

ஸ்தூலமான விஷயத்திலிருந்து தொடங்கலாம். குருத்து பட்டுப்போன மொட்டைப் பனைகளின் பொந்துகளில் பச்சைக்கிளி முட்டையிடுகிறது. குஞ்சு பொரித்து ஏறக்குறைய ஏழு வாரத்தில் பறந்துவிடும். பறந்த கிளி எளிதில் பழகாது. ஆகவே இறகு முளைக்குமுன் எடுத்துவிட வேண்டும். கையில் வளர்ந்த குஞ்சுதான் நன்றாகப் பேசும் என்பதற்கு அர்த்தம், தன் கூட்டத்தின் குரலைக் கற்குமுன் அதைப் பிரித்துவிட வேண்டும் என்பதுதான். வாங்குகிறவன் பனையேறவில்லை. ஆனால் அவன் பொருட்டுத்தான் இன்னொருவன் ஏறுகிறான். கடையில் கிடந்து வாடுகிறதே என்று இரக்கப்பட்டு வாங்கினாலும், காலியான கூண்டுக்கு அடுத்த குஞ்சு வந்துவிடும். இரக்கத்தின் காசும் ஆசையின் காசும் பனையேறுகிறவனிடம் ஒரே காசுதான்.

சட்டம் தன் பங்குக்குப் பதில் சொல்லிவிட்டது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 1991-ல் திருத்தி, நாட்டுப் பறவைகளின் வியாபாரத்தைத் தடுத்தார்கள். 2022-ன் திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஆனால் ஆஸ்திரேலிய வம்சமான, நம் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிற கிளியை யாரும் வாங்கலாம். கூண்டிலேயே பிறந்தது, வானம் அதற்குத் தெரியாது என்கிறார்கள். தெரியாததை இழக்க முடியாது என்ற இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் மனிதக் குழந்தை விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சட்டம் இனத்தைக் காக்கிறது. கூண்டிலிருக்கிற இந்த ஒரு கிளியைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

கிளி ஏன் பேசுகிறது? வெனிசுவேலாவில் ஒரு சிறு கிளியினத்தைக் கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒவ்வொரு குஞ்சுக்கும் அதற்கே உரிய ஒரு கூவல் இருப்பதையும், அது வளர்த்த பறவைகளிடமிருந்து வருவதையும் கண்டார்கள். முட்டைகளைக் கூடு மாற்றி வைத்தபோது, குஞ்சுகளின் கூவல் பெற்றவற்றை அல்ல, வளர்த்தவற்றையே ஒத்திருந்தது. கிட்டத்தட்ட பெயர் வைப்பதுபோல. கிளிக்குக் குரல் என்பது கூட்டத்தில் தன் இடத்தைக் கேட்டுப் பெறுகிற வழி. கூண்டுக்கிளி ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிடும்போது அது நம்மைப் பிரதி செய்து மகிழ்விக்கவில்லை. இருப்பவர்களைக் கூட்டமாக்கிக்கொள்ளப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் பாசம் என்று கேட்பது அதன் தனிமையை.

விழுப்புரத்துக்குப் பக்கத்துத் திருவாமாத்தூரைப் பற்றி இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. வாக்குக்குக் கனம் உண்டு என்று நம்பிய ஊர் அது. அபிராமேஸ்வரர் கோயிலின் வட்டப்பாறைமுன் பொய்ச்சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பார்கள். அந்த ஊருக்குக் கலம்பகம் பாடிய இரட்டைப்புலவர்கள் கோயில் ஆற்றின் எந்தக் கரையில் என்பதை மாற்றிச் சொல்லிவிட, பம்பையாறே தடம் மாறி அவர்கள் வாக்கைக் காப்பாற்றியது என்று ஒரு கதை. கொம்பில்லாத பசுக்கள் வழிபட்டுக் கொம்பு பெற்றதும் அங்கேதான் என்பது தலபுராணம். இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நியாயம் கிடைக்கிறது. மறுக்க முடிந்தவனின் சம்மதத்துக்கே மதிப்பு. பொய் சொல்ல முடிந்தவனின் சத்தியத்துக்கே கனம். பசு கேட்டது அழகுக்காக அல்ல, ‘வராதே’ என்று சொல்வதற்காக. கிளிக்கு அலகு அந்தக் கொம்பு. அது கடிக்கிறபோது மட்டும்தான் யாரும் கற்றுக்கொடுக்காத ஒன்றை நம்மிடம் சொல்கிறது. கடிக்காத கிளியாகப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

2024 ஏப்ரலில், கடலூர்த் தொகுதியின் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சான் தென்னம்பாக்கத்தில் கிளி ஜோஸ்யம் பார்த்தார். கிளி எடுத்த சீட்டில் அழகுமுத்து ஐயனார். வெற்றி நிச்சயம் என்று பலன் சொன்னார் ஜோஸ்யர். அடுத்தாற்போல் வனத்துறை ஜோஸ்யரைப் பிடித்து விசாரித்தது, கிளிகளைக் கைப்பற்றியது. தேர்தலில் வேட்பாளர் தோற்றார். பொய்த்தது யாருடைய வாக்கு? கிளி சீட்டை எடுத்தது, ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போனது. ஜோஸ்யர் சீட்டைக் காட்டுவார், சீட்டு சாமியைக் காட்டும். யாரும் பொறுப்பேற்க வேண்டாத ஒரு சொல்லை உண்டாக்குவதற்கு இறக்கை வெட்டிய ஒரு பறவை தேவைப்பட்டிருக்கிறது. அகப்பட்டது அதைக்கொண்டு வயிறு கழுவுகிறவர். அந்தச் சொல்லை விரும்பிக் கேட்டவர்கள், பார்த்து ரசித்த நாம் உட்பட, வெளியே நிற்கிறோம்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்களின் நிலை இன்னும் சிக்கல். கூண்டைத் திறந்துவிடுவது விடுதலை அல்ல. இறக்கை வெட்டுண்டது பறக்காது, பருந்தை அறியாதது பிழைக்காது. கூண்டுக்கிளி இருபத்தைந்து வருஷம்கூட வாழும். அதன் கூட்டத்தை வாங்கி அழித்தவன் அதற்குக் கூட்டமாக இருக்கக் கடன்பட்டவனாகிறான். பச்சைக்கிளி விஷயத்தில் அந்தக் கடனைத் தீர்க்கவும் சட்டம் விடாது. வனத்துறையிடம் ஒப்படைக்கத்தான் வேண்டும். வாங்காமலிருப்பது தியாகமோ, பெரிய அறமோ அல்ல. ‘பேசுமா’ என்று கேட்பதற்கு முன்னால், பேசியபின் அது நம்மிடம் கேட்கப்போவதைக் கொடுக்க நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும். எனக்குத் தெரிந்து அதற்கு ஆம் என்று சொல்லக்கூடிய வீடு இல்லை.