முறை இல்லாத வெளி

பாக் நீரிணைக் கரையில் ஓர் ஒழுங்கு உண்டு. வாரத்தில் 3 நாள் விசைப்படகுகளுக்கு. எஞ்சிய 4 நாள் நாட்டுப்படகுகளுக்கு. மணமேல்குடிக்குத் தெற்கே கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இம்முறைப்படியே கடலுக்குச் செல்கின்றனர். மீறல்கள் நிகழ்கின்றன, வழக்கும் கைகலப்பும் எழுகின்றன. ஆயினும் கடல் எவருக்கும் தனிச்சொத்தன்று, எனவே முறை வைத்தே துய்க்க வேண்டும் என்னும் நியாயத்தை இங்கே எவரும் மறுப்பதில்லை.

நம் தலைக்கு மேலே, 2000 கிலோமீட்டருக்கு உட்பட்ட விண்வெளியில் அத்தகைய முறை இல்லை. எந்நாடும் விண்வெளியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளலாகாது என்றது 1967-ஆம் ஆண்டின் உடன்படிக்கை. யார் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று வரையறுக்கவில்லை. இன்று அங்கே இயங்கும் செயற்கைக்கோள்களுள் பாதிக்கு மேற்பட்டவை ஸ்பேஸ்எக்ஸ் என்னும் ஒரே அமெரிக்க நிறுவனத்தினுடையவை.

இது அநீதியா? களவு என்றால் உடையவன் ஒருவன் வேண்டும். இங்கோ உடையவனே இல்லை. பொருளை உடைமையாக வைத்திருப்பது வேறு, அதைத் துய்க்கும் முறை வேறு என்று பிரித்துக் காட்டியவர் புனித தாமஸ் அக்குவினாஸ். உடைமை தனியாருடையதாயினும் பயனைப் பொதுவெனக் கருத வேண்டும் என்பது அவர் கொள்கை. உடைமையே இல்லாதவிடத்து இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும் அன்றோ?

வலைக்கு ஓய்வு தந்தால் மீன் மீண்டும் பெருகும். விண்பாதையோ எளிதில் தேறுவதன்று. 2009 பிப்ரவரி 10 அன்று செயலிழந்த ரஷ்யக் கோள் ஒன்றும் அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கோள் ஒன்றும் ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதிச் சிதறின. அவ்வுயரத்துச் சிதறல்கள் பல பத்தாண்டுகள் சுற்றிவரும், மற்றொன்றை உடைக்கும், உடைந்தவை மேலும் உடைக்கும்.

நாமும் கைகழுவிவிட இயலாது. 2001 டிசம்பரில் நமது பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் இறுதி அடுக்கு சுற்றுப்பாதையில் வெடித்து 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாயிற்று. 2019 மார்ச் 27 அன்று நம் நாடு தன் கோள் ஒன்றையே ஏவுகணையால் தகர்த்தது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தைத் தேர்ந்ததால் பெரும்பகுதி சில மாதங்களில் விழுந்து எரிந்தது. உயரத்தைத் தேர்ந்தது விவேகமே. தகர்த்தது விவேகமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 2030-க்குள் குப்பையில்லா விண்பயணம் என்று 2024-இல் இஸ்ரோ அறிவித்த இலக்கை மனமாரப் பாராட்டலாம்.

பெருநிறுவனம் ஒரு கோளை இழந்தால் இன்னொன்றை ஏவிக்கொள்ளும். 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட் வரிசைக் கோள், ஏறத்தாழ 740 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடலின் நிறத்தையும் கடல்மீது வீசும் காற்றையும் அளக்கிறது. மீன் கூடுமிடம் பற்றிய அறிவிப்புக்கும் புயல் கணிப்புக்கும் இத்தகைய அளவீடுகள் உதவுகின்றன. 2018 நவம்பரின் கஜா புயலை இக்கரை மறக்கவில்லை. ஒரு சிறு துண்டு அக்கோளைத் துளைத்துவிட்டால், மாற்றுக்கோள் ஏறும்வரை குறைந்த செய்தியோடு கடலுக்குப் போகிறவர் இந்த நாட்டுப்படகுக்காரரே.