இருளச்சமும் ஒரு திரைப்பாடலும்

பிள்ளைகளுக்கு இருளிலே தோன்றும் அச்சத்தைப் பெரியோர் மிகச் சிறிய விடயமாகவே கருதுகின்றனர். வயது ஏறினால் அது தானே நீங்கிவிடும் என்பர். ஆயின், அவ்வச்சம் எங்கிருந்து வருகின்றது, அதனை வளர்ப்போர் யாவர், அதனை நீக்கும் கடமை யாருக்குரியது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், அவை குழந்தை வளர்ப்பின் எல்லையைக் கடந்து அறவியலின் எல்லைக்குள் நம்மை இட்டுச் செல்கின்றன. இவ்வினாக்களைத் தமிழ்ப் பொதுமக்கள் அனைவரின் செவிக்கும் எட்டும் வகையில் எழுப்பிய பெருமை ஒரு திரைப்படப் பாடலுக்கு உண்டு. அப்பாடலைத் துணையாகக் கொண்டு, பிள்ளையை அச்சத்தால் ஆளுதல் முறையா என்பதனையும், அச்சத்தை உண்மையில் நீக்கவல்லது யாது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1961 ஆம் ஆண்டு வெளிவந்த ‘அரசிளங்குமரி’ என்னும் படத்திலே ‘சின்னப்பயலே’ எனத் தொடங்கும் பாடலே ஈண்டுக் கருதப்படுவது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இயற்றிய இப்பாடலுக்கு இசையமைத்தவர் ஜி. இராமநாதன், பாடியவர் ரி. எம். சௌந்தரராஜன். படம் திரைக்கு வந்தபோது கவிஞர் உயிரோடு இல்லை. 1930 இலே தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரொன்றில் உழவர் குடும்பத்திற் பிறந்து, பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டு, 1959 ஒக்ரோபரிலே தமது 29 ஆவது வயதில் அவர் காலமானார். வருங்காலத்தை நோக்கி ஒரு சிறுவனிடம் அவர் கூறிய சொற்கள், அவர் மறைந்த பின்னரே ஊரெங்கும் ஒலித்தன.

பாடல் அச்சிறுவனை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றது. உடல் வளர்வதோடு அறிவும் வளர்ந்தாலன்றி வளர்ச்சி நிறைவுறாது என முதலில் உணர்த்தும் கவிஞர், அடுத்துப் பேய்க்கதைக்கு வருகின்றார். விளையாடப் புறப்படும் பிள்ளையிடம் வேப்பமரத்திலே பேயிருப்பதாகச் சிலர் சொல்லி வைப்பர். அவனது துணிவு வளருமுன்னரே அழிந்துபோகும். அத்தகைய பேச்சை விளையாட்டாகவேனும் நம்பி வீட்டினுள் ஒடுங்கிக் கிடத்தலாகாது என்பது அவர் அறிவுரை. பாடலின் இறுதிப் பகுதியோ தனியுடைமையின் கொடுமைகளை ஒழிக்கும் தொண்டுக்கு அவனை அழைக்கின்றது.

வேம்பின் பேயும் தனியுடைமையும் ஒரே பாடலில் இடம்பெற்றமை தற்செயலானதெனக் கொள்ளுதற்கில்லை. பேய் உண்டா, இல்லையா என்ற விவாதத்திலே கவிஞர் நெடுநேரம் நிற்கவில்லை. அது உண்டென்று சொல்பவர் யார், அச்சொல்லின் விளைவு யாது என்பவையே அவரது வினாக்கள். இரவிலே மரத்தை அஞ்சப் பழகியவன் பகலிலே மனிதரை அஞ்சுவதற்கும் பழகிவிடுகின்றான். சான்று கேளாது நம்புதலும் காரணம் கேளாது பணிதலும் ஒரே பழக்கத்தின் இரு கிளைகள். ஆதலின், சமூக அநீதியை எதிர்க்கவேண்டிய ஒருவனைப் பற்றிப் பேசப் புகுந்த கவிஞர், அவனது குழந்தைப் பருவத்து இரவுகளிலிருந்தே தொடங்கினார்.

இச்சிந்தனைக்கு நெடிய வரலாறு உண்டு. தெய்வங்கள் வேற்றுருக் கொண்டு இரவிலே திரிகின்றன எனக் கூறித் தாய்மார் பிள்ளைகளை அச்சுறுத்தலாகாது எனப் பிளேற்றோ தமது ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியிலே விலக்கினார். அக்கதைகள் தெய்வத்தையும் இழிவுபடுத்துவன, பிள்ளைகளையும் கோழைகளாக்குவன என்பது அவர் கூறிய காரணம். 1693 இல் வெளிவந்த தமது கல்விச் சிந்தனைகளில் ஜோன் லொக் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பிள்ளைகளை அடக்கி வைக்கும் பொருட்டுப் பணியாளர் பேய்க்கதைகளைக் கையாளுகின்றனர் என்பதை அவர் கண்டார். அவ்வாறு பதிந்த எண்ணங்கள் வளர்ந்த பின்னரும் அகலுவதில்லை என்றும், எவரும் எதுவும் சொல்லாது விட்டிருந்தால் இருளும் வெயிலும் பிள்ளைக்கு ஒன்றாகவே இருக்கும் என்றும் அவர் கருதினார். அவருக்கு முன்னரே பிரான்சிஸ் பேக்கன், இருளச்சம் பிள்ளைகளிடம் இயற்கையாகவே உள்ளதெனவும், கதைகள் அதனைப் பெருக்குகின்றன எனவும் மரணம் பற்றிய கட்டுரையிலே குறிப்பிட்டிருந்தார். அச்சம் முழுவதும் ஊட்டப்படுவதா, இயற்கையாயிருந்து ஊட்டி வளர்க்கப்படுவதா என்பதில் இவ்விருவரும் வேறுபடினும், அதனை வளர்ப்பது தவறு என்பதிற் கருத்து வேற்றுமை இல்லை.

எனினும் எம் முன்னோரின் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். யாழ்ப்பாணத்து வளவுகளிலே கட்டுக்கள் உயராத கிணறுகளும் துரவுகளும் இருந்தன. வேலியோரங்களிலே பாம்புகள் இருந்தன. புளியமரத்திலே முனி நிற்கின்றது என்றும், மாலையான பின் வெளியே போனால் பிள்ளைபிடிகாரன் கொண்டுபோவான் என்றும் சொன்ன பாட்டிமார், கொடுமை கருதி அவ்வாறு சொல்லவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு நீரின் ஆழத்தை விளக்குதல் கடினம். பூதமொன்றைக் காட்டி நிறுத்துதல் எளிது. பிள்ளையின் உயிரைக் காக்கும் பொய்யொன்று எவ்வாறு குற்றமாகும் என அவர்கள் வினவலாம்.

இவ்வினாவுக்கு விடை காண எச்சரிக்கைக்கும் அச்சுறுத்தலுக்குமிடையே உள்ள வேறுபாட்டை நோக்க வேண்டும். எச்சரிப்பவர் காரணத்தைப் பிள்ளையிடம் ஒப்படைக்கின்றார். அதனைப் பிள்ளை நாளடைவிலே தானே ஆராய்ந்து அறிந்துகொள்ளலாம். அச்சுறுத்துபவரோ காரணத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றார். முனி எப்போது வரும், எப்போது போகும் என்பதை அவரே தீர்மானிப்பார். கிணற்றடிக்குப் போகாதிருக்க அழைக்கப்பட்ட முனி, சிலநாளில் சோறு உண்ணாதமைக்கும் அழைக்கப்படும். அதன்பின் பெரியோரின் உறக்கம் கலையாதிருப்பதற்கும் அழைக்கப்படும். பிள்ளையின் நன்மைக்காகத் தொடங்கிய கருவி, பெரியோரின் வசதிக்குரிய கருவியாக மாறும் இடம் யாதென எவராலும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. மேலும், முனி இல்லை என்பதைப் பிள்ளை ஒருநாள் கண்டுகொள்ளுமாயின், கிணற்றின் ஆழத்தைப் பற்றிச் சொன்ன சொல்லும் மதிப்பிழந்துவிடும். அச்சுறுத்தல் துடுக்கான பிள்ளையை நெடுநாள் தடுப்பதில்லை. அமைதியான பிள்ளையையோ வாழ்நாள் முழுவதும் வருத்துகின்றது.

இம்மட்டில் கவிஞரின் கட்சியே வெற்றி பெறுகின்றது. ஆயின் எமது நாட்டின் அண்மைக்கால வரலாறு இப்பாடலை நோக்கி ஒரு கடினமான வினாவை எழுப்புகின்றது. 1990 ஆம் ஆண்டு யூனிலே போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்தது. மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. ஜாம் போத்தலினுள் சிறிதளவு எண்ணெயும் ஒரு திரியுமாக எரிந்த விளக்கின் முன்னேதான் ஒரு தலைமுறை தன் பாடங்களைப் படித்தது. அந்த இருள் வெறுமையான இருளன்று. அதிலே விமானம் இருந்தது, எறிகணை இருந்தது, படலையைத் தட்டும் கை இருந்தது. அங்கே ஒன்றுமில்லை, அஞ்சாதே என அக்காலத்துத் தாயொருத்தி தன் பிள்ளைக்குச் சொல்லியிருப்பாளாயின், அவளும் பொய்யே சொன்னவளாவாள்.

அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கிடத்துத் தோன்றுமெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே வகுத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. கவிஞர் மறுத்தது இந்நான்கனுள் முதலாவதையே. ஏனைய மூன்றும் மறுப்பினால் மறைவனவல்ல. ஆட்சியதிகாரத்தைக் குறிக்கும் நான்காவதைத் தொல்காப்பியர் விலங்கோடும் கள்வரோடும் ஒருங்கே வைத்தமை, எம் தலைமுறையினர்க்கு உரையின்றியே விளங்கும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை அறியாமையின்பாற்படும் என்பதே வள்ளுவர் கருத்துமாகும். ஆகவே, பேயில்லை எனத் தெளிதல் துணிவின் தொடக்கமாகலாம், அதுவே துணிவாகிவிடாது. இல்லாததற்கு அஞ்சாதிருக்க அறிவு போதும். உள்ளதன் முன்னிலையில் நிற்பதற்கு வேறொன்று வேண்டும். அது யாது?

இவ்விடத்தில் எனது சிறுபருவ நினைவொன்றைக் கூறுதல் பொருந்தும். அப்போது எனக்கு வயது ஒன்பது. புளியமரத்து முனியை எனக்கு முதன்முதலில் அறிமுகப்படுத்தியவர் எனது அம்மம்மா. அம்முனிக்கு அஞ்சி இரவிலே முற்றத்தில் இறங்காத பிள்ளை நான். வளவின் பின்புறத்தில் பனங்குற்றிகளால் மூடிய பதுங்குகுழி அமைத்தபின், பல இரவுகளை அம்மம்மாவின் அருகிலே அதனுள் கழித்தோம். விளக்கு ஏற்றுவதில்லை. ஓரிரவு, வெளியில் என்ன இருக்கின்றது என அவரிடம் கேட்டேன். “எனக்கும் தெரியாது ராசா. நான் பக்கத்தில இருக்கிறன்,” என்றார். பின்னர் தமது இளமைக் காலத்திலே புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்து நீர் இறைத்த கதையைச் சொல்லத் தொடங்கினார். ஓசை நெருங்கும்போது அவரது குரல் சிறிது நடுங்கியது. ஆயினும் கதை நிற்கவில்லை. அந்த மாதங்களில் முனியின் பெயர் எங்கள் வீட்டில் ஒருமுறையேனும் எழவில்லை என்பதைப் பின்னாளிலேதான் எண்ணிப் பார்த்தேன். அஞ்சுவதற்கு மெய்யான பொருள் வந்தபோது, ஆளுதற்கென ஆக்கிய பொருளை அவர் கைவிட்டுவிட்டார்.

சிக்மண்ட் புரொய்ட் 1905 இல் வெளியிட்ட நூலொன்றிலே ஒரு சிறு நிகழ்ச்சியை அடிக்குறிப்பாகப் பதிவு செய்துள்ளார். இருண்ட அறையிலிருந்த மூன்று வயதுச் சிறுவனொருவன், தன்னோடு பேசுமாறு அடுத்த அறையிலிருந்த தன் சிற்றன்னையை வேண்டினான். அவரைக் காண முடியாதபோது பேச்சினால் என்ன பயன் என அவர் கேட்டார். ஒருவர் பேசினால் இருள் விலகுகின்றது என்பது அவன் விடை. அச்சிறுவன் அஞ்சியது இருளுக்கன்று, அன்புக்குரியவர் அருகில் இல்லாமைக்கே என்று புரொய்ட் முடிவு செய்தார். லொக்கும் கவிஞரும் இருளினுள் என்ன உள்ளது என ஆராய்ந்தனர். இச்சிறுவனோ இருளினுள் யார் உள்ளார் எனக் கேட்டான். பதுங்குகுழியிலே நான் கேட்ட வினாவுக்கு அம்மம்மா இருவகையிலும் விடையளித்தார். என்ன உள்ளதெனத் தமக்குத் தெரியாது என்ற உண்மையைச் சொன்னார். யார் உள்ளார் என்பதை உறுதிப்படுத்தினார்.

இவ்வாறு நோக்குமிடத்து அப்பாடலும் புதிய பொருள் தருகின்றது. அதனை நான் முதன்முதலிற் கேட்டதும் அதே காலத்திலேயே. அயல்வீட்டு அண்ணர் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் ஒலிநாடாக்களை இயக்குவார். சில்லின் வேகம் தளர்ந்தபோது பாடகரின் குரலும் இழுபட்டுத் தாழும். மீண்டும் சுழற்ற நிமிரும். பேயில்லை என்ற வாதம் அன்று எனக்கு வேண்டியிருக்கவில்லை. வளர்ந்த ஒருவர், என் வயதுச் சிறுவனொருவனை உரிமையோடு விளித்து, அவனை அறிவுடையவனாக மதித்துப் பேசுகின்றார் என்பதே மனத்திற் பதிந்தது. வாதம் வசனத்தில் எழுதப்பட்டிருப்பின் அது பெரியோருக்குரிய கட்டுரையாக நின்றிருக்கும். பாடலானமையால், இருளிலே பிள்ளையை நோக்கிப் பேசும் குரலாயிற்று. அறிவுரையும் அருகிருத்தலும் ஒன்றுசேர்ந்தமையே அப்பாடலின் வலிமை.

எனவே, பிள்ளையின் இருளச்சத்தின் முன் பெரியோர்க்கு இரு கடமைகள் உள்ளன எனலாம். தம் வசதிக்காக இல்லாத அச்சத்தை ஆக்காதிருத்தல் ஒன்று. உள்ள அச்சத்தை இல்லையென மறையாது, அதனருகே பிள்ளையோடு இருத்தல் மற்றொன்று. முதலாவதற்கு நேர்மை போதும். இரண்டாவதற்கு நேர்மையோடு துணிவும் வேண்டும். ஏனெனில், அருகிருப்பவரும் அஞ்சிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் துணிவைக் கற்பது அச்சமற்றவரிடமிருந்து என நாம் எண்ணுகின்றோம். நடுங்கும் குரலோடு கதையைத் தொடர்ந்து சொல்பவரிடமிருந்தே நான் அதனைக் கற்றேன்.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, இன்றைய பிள்ளைகள் பலர் முதன்முறையாக முழு இருளைக் கண்டனர். அவர்களுக்கு வேப்பமரத்துப் பேயைத் தெரியாது. பெற்றோராகிய நாம் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தையே முதலில் தேடினோம். அதன் மின்கலமும் தீர்ந்தபின் சொல்வதற்கு எம்மிடம் என்ன கதை உள்ளது என ஒரு கணம் திகைத்தோம். அத்திகைப்பு எமக்கு நன்மையே செய்தது. பேய்க்கதையை விட்டுவிட்டோம் என்பதனால் மட்டும் எமது கடமை நிறைவேறிவிடவில்லை என்பதை அந்த இருள் உணர்த்தியது. கவிஞர் அச்சிறுவனிடம் எதிர்பார்த்த அறிவு வளர்ச்சி, அவனை இருளிலே தனியே விட்டுச் செல்லாத பெரியோர் உள்ள வீட்டிலேதான் கைகூடும் என்பது இக்கட்டுரையின் துணிபு.