ஆள் தேவை

கடைவீதியிலும் தொழிற்கூட வாயிலிலும் நாம் நாள்தோறும் காணும் அறிவிப்பு ஒன்று உண்டு. இரண்டே சொற்கள்: 'ஆள் தேவை'. வேலையின்றி அலையும் இளைஞனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் அது நற்செய்தி. பசித்த வயிற்றுக்கு முன்னால் அந்த அறிவிப்பை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அச்சொல்லைச் சற்றே நின்று நோக்குவோம். தமிழில் 'ஆள்' என்பது பெயராக நிற்கும்போது மனிதனையும் குறிக்கிறது, பணியாளனையும் குறிக்கிறது. அதே சொல் வினையாக வரும்போது ஆட்சி செய்வதைக் குறிக்கிறது. நாம் தேடும் ஆள் யார்? ஏவியதைச் செய்து கூலி பெற்றுச் செல்பவனா? தன் உழைப்பையும் தன் ஊரின் வாழ்வையும் பொறுப்புடன் ஆளத் தெரிந்தவனா?

ஒரு சிற்றூரின் பொருளாதார வளர்ச்சியைப் பற்றிய அறநெறிக் கேள்வி முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. ஊருக்கு ஒரு தொழிற்சாலை வருகிறது. இருநூறு பேருக்கு வேலை கிடைக்கிறது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாகின்றன. திருவிழாவுக்கு நன்கொடை கூடுகிறது. ஊர் வளர்ந்துவிட்டது என்கிறோம். பத்தாண்டுகள் கழித்து, வேறோர் இடத்தில் கூலி மலிவு என்று கண்டு அந்த ஆலை இடம்பெயர்கிறது. அன்று ஊரில் எஞ்சியிருப்பது என்ன? இயந்திரங்கள் போய்விட்டன. கூலியும் நின்றுவிட்டது. பத்தாண்டுகள் உழைத்த அந்த இருநூறு பேரிடம் அவ்வுழைப்பு எதை விட்டுச் சென்றது?

மெய்யியல் பயின்றோர் அறிந்த வேறுபாடு ஒன்று இங்கே துணை செய்யும். புனித தோமா அக்குவினாஸ் மனிதச் செயல்களுள் இருவகையைக் காண்கிறார். ஒன்று புறத்தே சென்று ஒரு பொருளில் நிறைவு பெறுவது. வீடு கட்டுதல் போல. மற்றொன்று செய்பவனுக்குள்ளேயே தங்கி அவனை நிறைவாக்குவது. அறிதலும் விரும்புதலும் போல. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலும் உழைப்புக்கு இரு பக்கங்கள் உண்டு என விளக்குகிறது. உழைப்பால் விளையும் பொருள் ஒரு பக்கம். உழைக்கும் மனிதன் மறுபக்கம். இரண்டில் மனிதனே முதன்மையானவன் என்பது அம்மடலின் அடிநாதம். அப்படியானால் ஓர் ஊரில் உழைப்போர் தொகை பெருகியதா என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். உழைப்பவர் வளர்ந்தனரா என்பதே மீதிப் பாதி.

கருத்து அழகாகத்தான் இருக்கிறது, நடைமுறைக்கு ஒத்துவருமா என்று வாசகர் கேட்கலாம். அச்சுற்றுமடல் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இதற்குச் செயலால் விடை தேடத் தொடங்கிய ஊர் ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைப்பகுதியில் உள்ள மொந்த்ராகோன்தான் அது. 1941 பிப்ரவரியில் இருபத்தைந்து வயது இளங்குரு ஒருவர் அங்கே உதவிப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா. உழவர் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். 1936 முதல் 1939 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது பாஸ்க் தரப்பின் இதழில் பணியாற்றிச் சிறைப்பட்டு மீண்டவர். அவருடைய மறையுரை மக்களைப் பெரிதும் கவரவில்லை என்றே அவரது வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். குருக்களாகிய எங்களுக்கு அது ஆறுதல் தரும் செய்தி!

போர் அந்த ஊரில் வறுமையையும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஐயத்தையும் விதைத்துச் சென்றிருந்தது. ஊருக்குச் சோறு போட்டது ஒரு பெரிய இரும்பு, பூட்டுத் தொழிற்சாலை. அது நடத்திய தொழிற்பயிற்சிப் பள்ளியில் பெரும்பாலும் தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்கே இடமளித்தது. ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் அதைத் திறந்துவிடுமாறு இளங்குரு வேண்டினார்; நிர்வாகம் இணங்கவில்லை. அவர் போராட்டம் நடத்தவில்லை, ஒதுங்கவும் இல்லை. தெருமுனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒரு தொழிற்பள்ளிக்குப் பணமோ உழைப்போ தர விரும்புவோர் எழுதிப் போடலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 600 பேர் முன்வந்தனர். 1943இல் இருபது மாணவர்களோடு பள்ளி தொடங்கியது.

இங்கே காலத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளி தொடங்கிய ஆண்டு 1943. அப்பள்ளியில் உருவான ஐவர், பழைய தொழிற்சாலையின் நிர்வாகத்தில் தொழிலாளருக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டு முடியாமற்போன பின், தாமே ஒரு தொழிற்கூடத்தை மொந்த்ராகோனில் நிறுவிய ஆண்டு 1956. அதற்கான பணத்தில் பெரும்பகுதி ஊர் மக்கள் நம்பிக்கையின்மேல் தந்த கடன். செய்த பொருளோ எளிய மண்ணெண்ணெய் அடுப்பு. பள்ளிக்கும் ஆலைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! அந்த இடைவெளியில் அவர் நடத்தியவை படிப்பு வட்டங்களும் மாலை நேரக் கலந்துரையாடல்களும்தாம். முதலில் ஆலையைக் கொணர்ந்து பிறகு அதற்கேற்ற ஆட்களைத் தேடுவதே உலக வழக்கம். அங்கே முதலில் ஆட்கள் உருவாயினர்; ஆலையை அவர்களே உருவாக்கினர்.

அவர்கள் அமைத்த ஒழுங்கும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உறுப்பினர் ஒவ்வொருவரும் முதலில் பங்கு இடுகிறார்; ஆனால் எவ்வளவு இட்டாலும் வாக்கு ஒன்றுதான். மேலாளரைக் கண்காணிக்கும் ஆட்சிக் குழுவை உழைப்போரே தேர்ந்தெடுக்கின்றனர். தொடக்கத்தில், மிகக் குறைந்த ஊதியத்தின் மூன்று மடங்குக்கு மேல் எவருக்கும் ஊதியம் இல்லை. பின்னாளில் இவ்வரம்பு தளர்த்தப்பட்டது. 1959இல் அருட்தந்தையின் வற்புறுத்தலால் ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. தொழிற்கூடத்தை நிறுவிய நண்பர்களுக்கே அதில் முதலில் உடன்பாடு இல்லை. அடுப்புச் செய்வோருக்கு வங்கி எதற்கு என்று தயங்கினர். ஊராரின் சேமிப்பு வெளியூர்ச் செல்வருக்குக் கடனாகப் போய்ச் சேராமல், அதே ஊரில் புதிய வேலைகளாக முளைக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. அது பலித்தது. இன்று ஏறத்தாழ 80 கூட்டுறவு நிறுவனங்களும் 70,000 பணியாளர்களும் கொண்ட பெருங்குழுமமாக அது வளர்ந்துள்ளது. 1976இல் இறக்கும்வரை அவர் அதில் எந்தப் பதவியும் வகிக்கவில்லை. 2015இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

ஆயினும் இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக்கி முடித்துவிட்டால் நாம் கற்க வேண்டியதைக் கல்லாமல் போவோம். பங்கேற்பு என்னும் பெயர் இருந்தால் மட்டும் நீதி தானாக வந்துவிடுவதில்லை. திருமணமான பெண்கள் வேலையைவிட்டு விலக வேண்டும் என்ற வழக்கம் அங்கும் இருந்தது. 1969இல் அருட்தந்தையின் துணையோடு பெண்களே தங்களுக்கென ஒரு கூட்டுறவு அமைத்துத்தான் வழி கண்டனர். 1974இல் பணித் தரவரிசையை எதிர்த்து வேலைநிறுத்தம் எழுந்தபோது முன்னின்ற 17 பேர் வெளியேற்றப்பட்டனர். வாக்குரிமை உள்ள பெரும்பான்மையும் கடுமை காட்டக்கூடும் என்பதற்கு அது சான்று.

2013ஆம் ஆண்டு வந்த சோதனை எல்லாவற்றினும் பெரியது. அடுப்பிலிருந்து தொடங்கிக் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் என வளர்ந்த முதல் நிறுவனமே கடன்சுமையால் வீழ்ந்தது. 2008க்குப் பின் ஸ்பெயினில் வீடு கட்டுவது நின்றுபோனதால் அப்பொருள்களை வாங்குவார் இல்லை. மற்றக் கூட்டுறவுகள் கைகொடுத்துப் பார்த்தும் காக்க முடியவில்லை. உறுப்பினர் பலர் அந்நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த சேமிப்பை இழந்தனர். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் வேலை கிடைத்தது. அல்லது முன்கூட்டியே ஓய்வு கிடைத்தது. ஆலை போயிற்று, ஆட்களை ஊர் கைவிடவில்லை. நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு, அதாவது ஆலை மூடிய பின் எஞ்சுவது என்ன என்பதற்கு, இது ஒரு விடை.

ஆனால் அது முழு விடையன்று. அதே நிறுவனத்துக்குப் போலந்திலும் பிரான்சிலும் ஆலைகள் இருந்தன. அங்கே உழைத்தோர் உறுப்பினர் அல்லர், கூலியாட்கள். அந்தப் பாதுகாப்பு வளையம் அவர்களைச் சூழவில்லை. நம்மவர் என்று அன்புடன் இழுக்கும் வட்டம், அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவனை அந்நியனாக்கிவிடுகிறது. அடித்துப் போடப்பட்டு வழியோரம் கிடந்தவனுக்கு அயலான் யார் என்ற ஆண்டவரின் கேள்வி, கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டையும் விட்டுவைப்பதில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் பங்கு இல்லங்களுக்குப் பெற்றோர் வருவது வழக்கம். 'சாமி, பையனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும்' என்பதே பெரும்பாலோரின் வேண்டுகோள். கடிதத்தோடு பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் தங்கையின் திருமணம் நடக்கிறது. வீட்டுக் கடன் அடைகிறது. அதைக் குறைவாகப் பேசலாகாது. பதின்மூன்று ஆண்டுகள் காத்திருங்கள் என்று பசித்தவனிடம் சொல்வது அறமன்று.

நம் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பசிக்கு இன்றே சோறு வேண்டும். மனிதன் வளர ஆண்டுகள் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? மொந்த்ராகோன் இளைஞர்கள் அப்படித் தெரிந்துகொள்ளவில்லை. அந்த ஐவரும் பழைய ஆலையில் கூலிக்கு உழைத்துக்கொண்டே படித்தவர்கள். 1952இல் தொழில்நுட்பப் பட்டமும் பெற்றவர்கள். வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று குருவானவர் அவர்களிடம் சொல்லவில்லை. கூலி வேலையோடு மனிதன் முடிந்துவிட வேண்டியதில்லை என்று மட்டும் அவர்களை நம்பவைத்தார். சோற்றுக்கான வேலையும் வளர்ச்சிக்கான உழைப்பும் ஒரே நாளில், ஒரே மனிதனில் சேர்ந்திருக்க முடியும். அவ்விரண்டாவதற்கு நேரமும் இடமும் நண்பர்களும் தேடித்தர வேண்டியது ஊரின் கடமை.

கூட்டுறவு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நெசவாளருக்கும் மீனவருக்கும் பால் உற்பத்தியாளருக்கும் சங்கங்கள் உண்டு. ஆனால் நம் மாநிலத்தில் அச்சங்கங்கள் பல்லாண்டுகள் தேர்தலின்றித் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்ததும் உண்டு. உறுப்பினர் கையொப்பமிட வந்தார்; கடன் பெறவும் வந்தார்; முடிவெடுக்க வரவில்லை. வடிவம் இருந்தது, வளர்ப்பு இல்லை. எனவே இன்னொரு சங்கத்தைப் பதிவு செய்வதால் மட்டும் பயன் விளையாது. நம் பங்குகளில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கணக்கெழுதக் கற்றுத் தந்துள்ளன. அன்பியக் கூட்டங்கள் பேசவும் செவிமடுக்கவும் பழக்கியுள்ளன. மொந்த்ராகோனின் தெருமுனைப் பெட்டியைப் போல் இவையும் சிறிய தொடக்கங்களே.

நம் ஊருக்கு ஒரு தொழில் வரும்போது, அல்லது நாமே ஒன்றைத் தொடங்கும்போது, பங்குப் பேரவையிலும் வீட்டுத் திண்ணையிலும் மூன்று கேள்விகள் எழ வேண்டும் என விரும்புகிறேன். இவ்வேலை உழைப்பவருக்கு எதைக் கற்றுத் தருகிறது? இதைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்குக் குரல் உண்டா? இதன் பயன் எட்டாமல் வெளியே நிற்பவர் யார்? வேலை எத்தனை பேருக்கு என்ற கேள்வியை நாம் கேட்க மறப்பதே இல்லை. இம்மூன்றையும் சேர்த்துக் கேட்கப் பழகினால், நம் பிள்ளைகளுக்கு எழுதித் தரும் சிபாரிசுக் கடிதத்தில் 'நல்லவன், கீழ்ப்படிபவன்' என்பதோடு 'பொறுப்பேற்கத் தெரிந்தவன்' என்ற ஒரு வரியையும் நெஞ்சறியச் சேர்க்க முடியும்.