பாவமும் பாதுகாப்பும்

1958-ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலாயிற்று. மனுதாரர் 24 வயதுப் பெண். பெயர் ஹுஸ்னா பாய். தாம் விபசாரத்தால் பிழைப்பவர் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த வருவாயைக் கொண்டே ஓர் உறவினரையும் இரண்டு தம்பியரையும் காத்து வருவதாகச் சொன்னார். அன்றுதான் நடைமுறைக்கு வந்த ஒழுக்கக்கேடான வாணிபத் தடுப்புச் சட்டம் தம் பிழைப்பைப் பறிக்கிறது என்றும், குடிமக்கள் தொழில் செய்ய அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அளித்த உரிமைக்கு அது முரணானது என்றும் முறையிட்டார். அவர்மீது இன்னும் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை என்ற காரணத்தால் இரண்டே வாரங்களில் மனு தள்ளுபடியாயிற்று.

இதைப் படிக்கையில் நம்முள் பலர் முகம் சுளிப்போம். விபசாரத்தை மார்க்கம் பெரும்பாவம் என்கிறது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு செயலை வெறுப்பதும், அதைச் செய்தவரைக் காப்பாரற்றவராய் விட்டுவிடுவதும் ஒன்றுதானா? பாவம் செய்தவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் ஏதும் இல்லையா?

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1956-இல் இயற்றப்பட்டு, 1986-இல் திருத்தப்பெற்ற அச்சட்டம், வயது வந்த பெண்ணொருத்தி தன் விருப்பப்படி இதைச் செய்வதை மட்டும் கொண்டு குற்றம் என்று கூறவில்லை. விபசார விடுதி நடத்துவது குற்றம். ஆள் பிடித்துத் தருவது குற்றம். வழிபாட்டிடம், கல்விக்கூடம், மருத்துவமனை முதலியவற்றுக்கு 200 மீட்டருக்குள் நடத்துவது குற்றம். பொது இடத்தில் ஆண்களை அழைப்பதும் குற்றம். இவற்றுள் பல நியாயமானவையே. ஆனால் கடைசிக் குற்றத்திற்குப் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் மூன்று மாதம் வரைதான்.

நான்காம் பிரிவு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இவ்வருவாயில் தெரிந்தே வாழும் 18 வயது கடந்த எவருக்கும் இரண்டாண்டு வரை சிறை உண்டு. தரகனையும் தாதாவையும் தண்டிக்கவே இது எழுதப்பட்டது என்போம். எனினும் சட்டத்தின் சொற்கள் அவர்களோடு நின்றுவிடவில்லை. மகள் தரும் கஞ்சியைக் குடிக்கும் கிழத்தாயும் அதில் அகப்படுவாள். ஹுஸ்னா பாயின் தம்பியர் 18 வயதைக் கடந்தபின் அக்காள் போட்ட சோற்றை உண்டால் அவர்களும் அகப்படுவர். பெண்ணை நேரே தண்டிக்காத சட்டம், அவளை நம்பியவர்கள் வழியே அவளைத் தண்டிக்கிறது.

நம் திருமறை இதில் காட்டும் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நூர் அத்தியாயம் விபசாரத்தைக் கண்டிக்கும்போது ஆணையும் பெண்ணையும் ஒரே வசனத்தில் சேர்த்தே கண்டிக்கிறது. உலக ஆதாயத்திற்காக அடிமைப் பெண்களை இத்தொழிலில் தள்ளுவோரை அதே அத்தியாயத்தின் 33-ஆம் வசனம் தடுக்கிறது. தள்ளப்பட்டவர்களுக்கோ இறைவனின் மன்னிப்பையும் கருணையையும் நினைவூட்டுகிறது. தள்ளியவன் வேறு, தள்ளப்பட்டவள் வேறு என்ற பாகுபாடு அங்கே தெளிவாக இருக்கிறது. நம் தெருக்களில் அப்பாகுபாடு இல்லை. வந்து போனவன் மாலையில் சபையில் மரியாதையோடு அமர்கிறான். அவளுக்கு மட்டுமே பெயர் கெடுகிறது.

உரிமை கொடுத்தால் தொழிலையே ஒப்புக்கொண்டதாகாதா என்று கேட்கலாம். பிற நாடுகளை நோக்குவோம். சுவீடன் 1999 முதல் விலை கொடுக்கும் ஆணைத் தண்டிக்கிறது. நியூசிலாந்து 2003-இல் இதனைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. இத்தொழிலைப் பற்றிய இவ்விரு நாடுகளின் கருத்தும் எதிரெதிரானவை. ஆயினும் தன்னை விற்பவளைச் சிறைக்கு அனுப்புவதில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. தொழிலை வெறுப்பவரும் அவளைக் காக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இந்த இடத்திற்கே வந்து சேர்ந்தது. 1999-இல் கல்கத்தாவில் இத்தொழிலில் இருந்த ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்டாள். கொன்றவனின் மேல்முறையீட்டை 2011-இல் தள்ளிய நீதிபதிகள், வழக்கை அத்தோடு முடித்துவிடவில்லை. இத்தகைய பெண்களும் மனிதர்களே, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் கண்ணியமான வாழ்வு அவர்களுக்கும் உரியது என்று கூறி, ஆராய ஒரு குழுவை அமைத்தனர். இத்தொழிலில் நீடிக்க விரும்புவோர் கண்ணியத்தோடு தொழில் செய்ய உகந்த சூழல் எது என்பதும் குழுவுக்குத் தந்த பணிகளுள் ஒன்று. இது தொழிலுக்கு அங்கீகாரமாகிவிடும் என்று மத்திய அரசு தடை கூறிற்று. 2012-இல் நீதிமன்றம் சொல்லை மாற்றியது: கண்ணியத்தோடு 'தொழில் செய்ய' என்பது போய், கண்ணியத்தோடு 'வாழ' என்றாயிற்று. நாம் தேடும் விடை அந்த ஒரு சொல் மாற்றத்தில் இருக்கிறது. உரிமை தொழிலுக்கு உரியதன்று, உயிருக்கு உரியது.

2022 மே 19 அன்று அதே வழக்கில் சில கட்டளைகள் பிறந்தன. வன்முறைக்கு ஆளான இப்பெண்களுக்கு மற்றப் பெண்களுக்குரிய மருத்துவ உதவி தரவேண்டும். காவலர் அவர்களை இழிவாக நடத்தலாகாது. செய்தி ஏடுகள் அவர்தம் அடையாளத்தை வெளியிடலாகாது. வயது வந்தோரை விருப்பத்திற்கு மாறாகக் காப்பகங்களில் அடைத்து வைத்திருந்தால் விடுவிக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவருக்கும் ஆதார் அட்டை கிடைக்க வேண்டும். வேறு சில பரிந்துரைகளில் அரசு தனக்கு உடன்பாடின்மையைத் தெரிவித்தது. இக்கட்டளைகளுள் எதுவாவது விபசாரத்தைப் புகழ்கிறதா? அடிபட்டவளுக்கு மருந்து போடுவது அவள் பாவத்திற்குச் சாட்சி சொல்வதாகுமா?

சிறுமியரைக் கடத்துவோர் மீதும், ஏமாற்றியும் மிரட்டியும் பெண்களை விற்போர் மீதும் சட்டம் எவ்வளவு கடுமையாக இருப்பினும் தகும். ஆனால் அவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடியவர் யார்? அந்த வீட்டுக்குள் இருக்கும் பெண்தான். காவல் நிலையத்தின் படியேறினால் தன்னையே குற்றவாளியாக்குவார்கள் என்று அஞ்சுபவள் எப்படி வாய் திறப்பாள்? அவளுக்குப் பாதுகாப்பு மறுக்கப்படும் இடத்தில் பாதுகாப்புப் பெறுபவன் தரகன்தான். இத்தொழிலை வெறுப்பவர்கள் முதலில் உணர வேண்டிய உண்மை இது.

திருந்தி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திரும்பி வருபவளுக்கு வாடகைக்கு வீடு தருவோமா? அவள் பிள்ளை மதரஸாவில் நம் பிள்ளையின் அருகில் அமர்ந்தால் சும்மா இருப்போமா? வாசலை அடைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயமன்று.

பனீ இஸ்ராயீல் சமூகத்து விலைமகள் ஒருத்தியைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். கிணற்றோரம் தாகத்தால் சாகக் கிடந்த நாய்க்கு, தன் காலணியை முக்காட்டுத் துணியில் கட்டி நீர் இறைத்துக் கொடுத்தாள், அதற்காக மன்னிக்கப்பட்டாள். வாயில்லாப் பிராணியின் தாகத்தை உணர்ந்த நெஞ்சு அவளிடம் இருந்தது. அவளைப் போன்றவளின் தாகத்தை உணரும் நெஞ்சு நம்மிடம் இருக்கிறதா என்பதை நம் வீட்டில், நம் மஹல்லாவில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.